வேலியில்லாத கொல்லையில் ஒரு குதிரை

சென்னையில இருந்தும் கோயம்புத்தூர்ல இருந்தும் எங்க கொல்லைக்கு வர்ற நண்பர்கள் இப்பல்லாம் வெங்காயத்தையும் பருத்தியையும் திரும்பிப் பார்க்கிறதே இல்லை. நேரா குதிரைகிட்ட போயிடுறாங்க. செல்ஃபி எடுத்து முடிச்சதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "ஆமா, வேலி எங்க? இதை எங்க வச்சுப் பழக்குறீங்க?"

கையை நீட்டிக் காட்டுவேன். கதிர் அறுத்த மக்காச்சோளக் கொல்லை. நடுவுல ஒரு வேப்பமரம். அந்தப் பக்கம் பக்கத்துக்காரர் பருத்தி. இந்தப் பக்கம் கிணறு. "இதுலயா?" என்பாங்க. இதுலதான். அதுக்கு மேல நின்னுக்கிட்டே சொல்லி முடியாது, அதனால இங்க எழுதுறேன்.

குதிரை என்னுடையது இல்லை, எங்க அக்கா பையனோடது. பெரம்பலூர் - அரியலூர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு எங்க ஊர். எங்க பக்கம் குதிரைன்னா அய்யனார் கோயில்ல கண்ணை உருட்டிக்கிட்டு நிக்கிற குதிரைதான். அதுக்கு வைக்கோலும் வேணாம், லாடமும் வேணாம். உசுரோட இருக்கிற குதிரையைப் பார்க்கணும்னா ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு ஆடி மாசம் போகணும். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கிற சந்தை அது. திப்பு சுல்தான் காலத்துல இருந்தே நடக்குதுன்னு அங்க சொல்வாங்க. காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு தொடுற மார்வாரி, கத்தியவார் குதிரைகளை அங்க பார்த்துட்டு வந்ததுல இருந்து பையனுக்குத் தூக்கம் போச்சு. அப்புறம் எங்கேயோ ஒரு தரகரைப் பிடிச்சு, கத்தியவார் கலப்புல ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை மினி லாரியில ஏத்திக் கொண்டாந்து இறக்கிட்டான். வர்ற ஆடிக்கு ரெண்டு வருஷம் ஆகுது.

தரகர் சொன்ன வயசு நாலு. வாயைத் திறந்து பார்த்தா ரெண்டு பல் போட்டிருக்கு.

மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்ததுன்னு பல்லை வச்சுத்தான் மாட்டுக்கு வயசு சொல்வோம். குதிரைக்கும் அதே கணக்குதான். ஒரு வித்தியாசம், மாட்டுக்கு முன்பல் கீழே மட்டும்தான். குதிரைக்கு மேலேயும் உண்டு. ரெண்டரை வயசுல நடு ஜோடி விழுந்து முளைக்கும், மூன்றரையில அடுத்த ஜோடி, நாலரையில ஓரத்து ஜோடி. ஆக, வந்தது ரெண்டரை வயசுக் குட்டி. இந்த வயசுல முதுகுல ஆள் ஏறக்கூடாது. காலைவிட முதுகெலும்புதான் கடைசியா முத்தும், அதுக்கு அஞ்சாறு வயசாகும்னு கால்நடை டாக்டர் சொன்னார்.

பையனுக்கு முகம் தொங்கிப்போச்சு. அவன் மனசுல ஏற்கெனவே சித்திரைத் திருவிழாப் பந்தயத்துல ஓடிக்கிட்டிருந்தான்.

அப்பத்தான் பெரியவர் நினைவு வந்துச்சு. அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல ஜட்கா ஓட்டினவர். ஆட்டோ வந்து ஜட்கா நின்னுபோன பிறகு, ஆடு மேய்ச்சுக்கிட்டு மகள் வீட்டோட இருக்கார். எண்பதுக்குப் பக்கம் வயசு. கூட்டிட்டு வந்து காட்டினதும் குதிரையைத் தொடவே இல்லை. கொல்லையைச் சுத்தி ஒரு நடை நடந்தார். கிணத்துகிட்ட நின்னார். திரும்பி வந்து, "தம்பி, குதிரை நல்லாருக்கு. மொதல்ல கொல்லையைப் பழக்குவோம்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சுன்னு நினைச்சேன். அந்த மாசி முழுக்க அந்த வேலையைத்தான் செஞ்சோம்.

பெரம்பலூர் பக்கத்து மண்ணைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கரிசல். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் தங்கம், குதிரைக் காலுக்கு எமன். மழை பெஞ்சா லாடத்தையே உருவி எடுக்கிற மாதிரி ஒட்டும். வெயில் காஞ்சா வெடிப்பு விழும். பங்குனியில எங்க கீழ்க்கொல்லையில முழங்கை உள்ளே போற வெடிப்பு இருக்கு. ஓடுற குதிரையோட குளம்பு அதுல மாட்டினா கால் எலும்பு முறியும். குதிரைக்குக் கால் முறிஞ்சா மாட்டுக்கு மாதிரி மூங்கில் பத்தை வச்சுக் கட்டிச் சரி பண்றது நடக்காது, பெரும்பாலும் அதோட கதை முடிஞ்சுது. அதனால கீழ்க்கொல்லை வேணாம்னு விட்டுட்டு, மேலே செம்மண் கலந்த ஒண்ணரை ஏக்கரைத் தேர்ந்தெடுத்தோம்.

அதுலயும் வேலை இருந்துச்சு. அரிவாளால சாய்வா வெட்டின சோளத்தட்டைக் கட்டை ஒவ்வொண்ணும் ஈட்டி முனை. குளம்போட அடிப்பக்கம் நடுவுல மெத்துன்னு ஒரு முக்கோணம் இருக்கும், அதுல ஏறினா சீழ் கட்டும். ரோட்டவேட்டர் விட்டுக் கட்டையை அரைச்சோம். உடனே ஓட்டவும் கூடாது. அரைச்ச புழுதி அரை அடி ஆழத்துக்குப் பஞ்சு மாதிரி கிடக்கும், அதுல ஓடினா கால் நரம்பு இழுத்துக்கும். தண்ணி பாய்ச்சி, ஆறவிட்டு, பரம்பு ஓட்டினதுக்கு அப்புறம்தான் மண் பிடி கொடுத்துச்சு. ரோட்டோரத்துல இருந்து 2 சாக்கு பாட்டில் பொறுக்கினோம். யார் குடிச்சுப் போட்டதுன்னு கேட்காதீங்க.

இன்னொண்ணும் பொறுக்கினோம், அது ரொம்ப முக்கியம். அறுப்புல தவறி விழுந்து மழையில நனைஞ்ச மக்காச்சோளக் கதிர். பூசணம் பிடிச்ச மக்காச்சோளம் குதிரையைக் கொல்லும். அதுல வளர்ற ஃபியூசேரியம் பூசணத்தோட விஷம் மூளையைத் தாக்கும். மாடு தாங்குற அளவைக் குதிரை தாங்காது. தமிழ்நாட்டுலயே மக்காச்சோளம் அதிகமா விளையிற மாவட்டத்துல உட்கார்ந்துக்கிட்டுக் குதிரை வளர்க்கிறவங்க இதைச் சுவத்துல எழுதி வச்சுக்கணும்.

கொல்லை தயார் ஆனதும் கோடு போட்டோம். வெளிநாட்டுல குதிரைப் போட்டி நடத்துற களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சின்னது 40-க்கு 20. நம்ம கணக்குல சின்னது 20 சென்ட்டுதான். சுத்தி வேலியோ கட்டையோ இருக்கும். அந்த வேலி பாதி வேலையைச் செஞ்சுடும். குதிரை அதை ஒட்டியே நேரா போகும், மூலையில தானே திரும்பும், ஓடினாலும் வேலியோட நிக்கும். திறந்த கொல்லையில இது எதுவும் கிடையாது. நேரா போன்னா கோணலாத்தான் போகும், பெரும்பாலும் வீடு இருக்கிற பக்கமா. நாங்க 40-க்கு 20 அளந்து, மூலைக்கு ஒண்ணும் பக்கத்துக்கு ஒண்ணுமா சிமெண்டு சாக்குல மணல் நிரப்பி வச்சோம். அரியலூர்ப் பக்கம் இருக்கிறவனுக்கு சிமெண்டு சாக்குக்குப் பஞ்சமா?

முதல் நாள் குதிரை அந்தச் சாக்குகிட்டயே போகலை. காத்துல சாக்கு வாய் படபடன்னு அடிச்சதும் நாலு காலையும் ஊனி நின்னுடுச்சு. பையன் சாக்கை மாத்திடலாம்னான். பெரியவர் விடலை. "மாத்துனா சாக்கு ஜெயிச்சிரும். இருக்கட்டும், போய் மோந்து பாக்கட்டும்." மோந்து பார்க்க அது எடுத்துக்கிட்டது மூணு நாள். இடப்பக்கமா கூட்டிட்டுப் போய்ப் பழகின சாக்கை வலப்பக்கம் வச்சுக் கூட்டிட்டு வந்தா மறுபடியும் மிரளும். குதிரைக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் இருக்கு. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். நெத்திக்கு நேர் முன்னாலயும் வாலுக்கு நேர் பின்னாலயும் கொஞ்ச இடம்தான் தெரியாது. ஒரு கண்ணுக்குப் பழகினது இன்னொரு கண்ணுக்குப் புதுசு மாதிரியே நடந்துக்கும். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ரெண்டு தடவை சொல்லிக் கொடுக்கணும், இடத்துக்கு ஒண்ணு வலத்துக்கு ஒண்ணு.

முதல் வருஷம் முழுக்க முதுகுல யாரும் ஏறலை. தரையில நின்னே எல்லா வேலையும். 25 அடிக் கயிறு கட்டி வட்டம் விடுறது முதல்ல. கயிறு பிடிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: கையில சுத்திக்காதீங்க. மடிச்சுப் பிடிங்க. குதிரை இழுத்தா கயிறு போகட்டும், விரல் போகக்கூடாது. வட்டமும் சின்னதா வேணாம், கால் மணி நேரத்துக்கு மேலயும் வேணாம், குட்டியோட மூட்டுக்கு ஆகாது. ஒரு பக்கம் அஞ்சு சுத்து விட்டா மறுபக்கம் அஞ்சு சுத்து.

அப்புறம்தான் பெரியவரோட சொந்த வித்தை வந்துச்சு. ஜட்காக்காரர் இல்லையா, குதிரையை அவர் வாழ்நாள் பூரா பின்னால இருந்துதான் பார்த்திருக்கார். கடிவாளத்துல ரெண்டு நீளக் கயிறு கட்டி, குதிரைக்குப் பின்னால பத்தடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல நடந்துக்கிட்டே ஓட்டுறது. வண்டி இல்லாத ஜட்கா. ஏர் ஓட்டுற மாதிரியும் இருக்கும், பட்டம் விடுற மாதிரியும் இருக்கும். இழுக்கிறதே தெரியாது. சுண்டுவிரலை மடக்குவார், குதிரை திரும்பும். பையன் இழுத்தா கழுத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கும். "வாய்க்குள்ள இருக்கறது இரும்புடா தம்பி, ஒன் பல்லுல ஒருத்தன் சாவியை வச்சு இழுத்தா சும்மா இருப்பியா?" அதுக்கு அப்புறம் அவன் இழுக்கலை.

திறந்த வெளிக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியலை. வேலி இல்லாத இடத்துல ரெண்டு கயிறும்தான் ரெண்டு பக்க வேலி. ஏறி உட்கார்றதுக்கு முன்னாடியே நட, நில், இடம், வலம், பின்னால போ எல்லாம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"நில்" மட்டும் ஆறு மாசம் ஆச்சு. பெரியவர் வேற எதுலயும் பிடிவாதம் பிடிக்கலை, இதுல விடலை. சாக்குகிட்ட நிக்கணும். நிழல்ல நிக்கணும். ஈ மொய்க்கும்போது நிக்கணும். பக்கத்துக் கொல்லையில மக்காச்சோளம் ஆளுயரம் நின்னு காத்துக்குச் சரசரக்கும்போது நிக்கணும். பிறகு ரோட்டுக்குப் போனோம். பெரம்பலூர் - அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிகள் போறதைக் கேட்டவங்களுக்குத் தெரியும், மனுஷனுக்கே நெஞ்சு அதிரும். முதல் வாரம் 100 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். காது முன்னால வந்து, தலை இறங்கி, பெருமூச்சு விட்டா அன்னைக்குப் பாடம் முடிஞ்சுது. மறுவாரம் 80. புளியமரத்தடியில ரோட்டோரமா நிக்கிறதுக்கு ரெண்டு மாசம் பிடிச்சுது.

கிரேக்க நாட்டு செனபோன்னு ஒரு தளபதி, 2,300 வருஷத்துக்கு முந்தி குதிரைப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கார். ராத்திரி உட்கார்ந்து அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் படிச்சேன். குட்டியைக் கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாச் சத்தமும் பழக்கணும்னு அதுல இருக்கு. ஒரே பக்கம் சுத்தாம எட்டு வடிவத்துல ஓட்டி, ரெண்டு பக்கமும் திரும்பப் பழக்கணும்னு இருக்கு. கோபத்தோட குதிரைகிட்ட போகவே போகாதேன்னும் இருக்கு. மறுநாள் பெரியவர்கிட்ட சொன்னேன். "அவரு எந்த ஊரு ஜட்கா?" என்று கேட்டார்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. குதிரை பழக்குற திறந்த வெளிக்குத் தமிழ்லயே பேர் இருக்கு: செண்டுவெளி. குதிரை ஏறிச் செலுத்துறது வையாளி. பழக்குறவர் வாதுவன், கலித்தொகையிலயே வர்ற சொல். குதிரை நேரா ஓடுறது ஆதி, வட்டமா ஓடுறது மண்டிலம். எங்க ஒண்ணரை ஏக்கர்ல நாங்க செஞ்சுக்கிட்டிருந்த ரெண்டு வேலைக்கும் ரெண்டு பேர். அகராதியில இதைப் பார்த்த அன்னைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கே, மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போன அன்னைக்குக்கூட வரலை. வையாளியை இன்னைக்கும் கண்ணால பார்க்கலாம். ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசி உற்சவத்துல வேடுபறி அன்னைக்கு நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்துல மணல்வெளிக்கு வருவார். தாங்கிகள் வாகனத்தைத் தோள்ல வச்சுக்கிட்டே முன்னால ஓடுவாங்க, சுழல்வாங்க, பின்வாங்குவாங்க. நிஜக் குதிரையை அப்படிச் செலுத்திப் பார்த்தவங்கதான் அதைப் போய் வாகனத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும்னு எனக்குத் தோணும்.

இவ்வளவு சொல் இருந்தும், குதிரை நம்ம மண்ணுல என்ன பாடுபட்டுச்சுன்னும் தெரிஞ்சுக்கணும். 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். பாண்டிய ராஜாக்கள் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல கப்பல்ல வரவழைச்சாங்களாம். வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதாம். பார்க்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்லை. குதிரை வைத்தியம் தெரிஞ்சவங்களை இங்க வரவிடாம வியாபாரிகளே தடுத்தாங்களாம், செத்தாத்தானே அடுத்த வருஷம் விற்கலாம்! அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆள்தான். ஆனா அந்த 2,000-ல எத்தனை இப்படிக் கரிசல் வெடிப்புல கால் விட்டுச் செத்துச்சோன்னு நினைச்சுக்குவேன்.

இந்த வருஷம் தை முடிஞ்சு பையன் ஏறினான். அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வெறும் சேணம், பிறகு சேணத்து மேல மணல் மூட்டை, பிறகு குறுக்கே படுத்துக்கிட்டு நாலு அடி. எல்லாம் சுலபமாப் போச்சு. விடியல்ல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சிடுவோம். ஒரு விதி மட்டும் பெரியவர் போட்டார்: வீட்டுப் பக்கம் முகம் திரும்பினா நடைதான், ஓட்டமே கிடையாது. பாடம் முடியறதும் கொல்லையோட அந்தக் கோடியில முடியணும். அங்கேயே இறங்கி, வார்ப்பட்டையைத் தளர்த்தி, கையில பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வரணும். வீட்டுக்குப் போற வழியில ஒரு தடவை ஓடவிட்டா, அது வாழ்நாள் பூரா அந்த வழியில ஓடும்.

பங்குனியில ஒரு நாள். பையன் துள்ளல் நடையில எட்டுப் போட்டுக்கிட்டிருந்தான். நானும் பெரியவரும் வேப்பமரத்தடியில. எங்க மாவட்டத்துல மயில் எவ்வளவு பெருகிடுச்சுன்னு வெங்காயம் போடுறவங்களைக் கேட்டா அழுவாங்க. பருத்திக்குள்ள இருந்து ஒரு ஆண்மயில், குதிரையோட வயித்துக்குப் பக்கத்துல படபடன்னு எழும்புச்சு.

குதிரை அங்க இல்லை. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள நாலுகால் பாய்ச்சல்ல வீட்டுப் பக்கம் போகுது. வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல கிணறு. எங்க தாத்தா வெட்டின கிணறு, 60 அடி ஆழம், கைப்பிடிச் சுவர் கிடையாது. பெரம்பலூர், அரியலூர் கொல்லைகள்ல பாதிக் கிணறு அப்படித்தான். தரையோட தரையா இருக்கும், ஓரத்துல புல் வளர்ந்திருக்கும். பக்கத்துல போற வரைக்கும் மனுஷனுக்கே தெரியாது.

பையன் ரெண்டு கையாலயும் இழுத்துக்கிட்டிருந்தான். மிரண்ட குதிரையை நேரா இழுத்தா, அது அந்தக் கம்பியைக் கடிச்சுக்கிட்டு இன்னும் பலமா ஓடும். நம்மால அதோட பலத்தை ஜெயிக்க முடியாது. எனக்குக் குரலே வரலை. பெரியவர் கத்தினார்: "ஒத்தக் கை! வட்டம் போடு!"

கேட்டுச்சோ, கை தானா செஞ்சுச்சோ, பையன் இடக்கையை விட்டுட்டு வலக்கையை மட்டும் வெளியே விரிச்சான். வெடுக்குன்னு இழுக்கலை, இழுத்திருந்தா அந்த வேகத்துல குதிரை சாய்ஞ்சு அவன் மேலயே விழுந்திருக்கும். விட்டு விட்டுக் கூப்பிட்டான். ஒரு வருஷமா கயித்துல கத்துக்கிட்டது அதுதானே, வலக்கை கூப்பிட்டா கழுத்து வலக்கம் வளையணும். வளைஞ்சுது. பெரிய வட்டம். அடுத்த வட்டம் சின்னது. கழுத்து வளைஞ்சிருக்கிற குதிரையால நேரா பாய முடியாது, பின்னங்கால் ரெண்டும் குறுக்கே போகும், வேகம் செத்துப்போகும். மூணாவது வட்டத்துல துள்ளல் நடை. அப்புறம் நின்னுச்சு. அளந்து பார்த்தேன், கிணத்துல இருந்து 32 அடி.

ஓடிப்போய் அவனை இறக்கலாம்னு போனேன். பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். "எறங்காதே தம்பி. நடத்திக் கூட்டிட்டு வா." அந்த மயில் எழும்பின இடத்துக்கே நடத்திட்டுப் போகச் சொல்லி, அங்க நிறுத்தச் சொல்லி, பிறகுதான் இறங்கச் சொன்னார். பையன் இறங்கினதும் அவன் கால் நடுங்கினதை நான் பார்த்தேன். குதிரைக்கும் நடுங்குச்சு.

விஷயம் அக்கா காதுக்குப் போகாம இருக்குமா? சாயங்காலமே வந்துட்டா. ஒரே பையன். "தம்பி, குதிரையை வித்துடு. இல்லன்னா கிணத்தை மூடு" என்றாள். கிணத்தை மூடினா வெங்காயத்துக்குத் தண்ணி எங்க போறது? குதிரையை வித்தா பையன் எங்க போவான்னும் எனக்குத் தெரியும், திருப்பூருக்கு. கொல்லைக்கு அவனைத் தினமும் வரவைக்கிறது அந்தச் செவலை ஒண்ணுதான். இருபத்தி மூணு வயசுப் பையன் விடியக்காலை அஞ்சரைக்குக் கொல்லையில நிக்கிறான்னா எங்க ஊர்ல அதுவே அதிசயம். அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "சுவர் கட்டிடறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

கட்டிட்டேன். 35-க்கு 35 அடிக் கிணத்தைச் சுத்தி நாலடி உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர். சிமெண்டு ஃபேக்டரிகளுக்குப் பக்கத்துலயே இருக்கோம்னு விலை குறையுமான்னு கேட்காதீங்க, குறையாது. வெங்காயம் வித்த காசு அதுலயே போச்சு. பெரியவர் வந்து பார்த்துட்டு, சுவத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். குதிரைக்குத் தூரத்துல இருந்தே தெரியணுமாம்.

சித்திரைப் பந்தயம் வந்துச்சு. பையன் கூட்டாளிகள்கிட்ட சொல்லி வச்சிருந்தான். பெரியவர் மறுப்பு சொல்லலை, ஒரு பரீட்சை வச்சார். "கொல்லையில பத்துத் தடவை பாய்ச்சல்ல விடு. நான் கை தூக்குற எடத்துல பத்துத் தடவையும் நிக்கணும். நின்னா போ." ஆறு தடவை நின்னுச்சு. ஏழாவதுல சுவர் வரைக்கும் போய்த் திரும்புச்சு. பத்தாவது முடிஞ்சு இறங்கி, யார்கிட்டயும் பேசாம குதிரையைக் குளிப்பாட்டப் போயிட்டான். நாலு நாள் எங்கிட்ட பேசலை, பெரியவர்கிட்ட மட்டும் பேசினான். பந்தயத்தன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போய் வேடிக்கை பார்த்துட்டு வந்தாங்க. ரோட்டுல ரெண்டு பக்கமும் கூட்டம், பைக் சத்தம், வெடி. நுரை தள்ளி ஓடின ஒரு குதிரையை எல்லைக்கோட்டுக்கு அப்புறம் நாலு பேர் சேர்ந்தும் நிறுத்த முடியலையாம். "மாமா, அதுக்கு நிக்கவே தெரியலை" என்றான் வந்து. அதுதான் நாலு நாளைக்கு அப்புறம் அவன் எங்கிட்ட பேசின முதல் பேச்சு.

இப்ப ஓரத்துப் பல் முளைக்குது. சிமெண்டு சாக்குகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருக்கோம், எட்டுல மூணு மிச்சம். சாக்கு இல்லாத மூலையிலயும் சரியாத் திரும்புது. நேர்கோடு மட்டும் இன்னும் வீட்டுப் பக்கம் ரெண்டடி சாயுது. அதுக்குப் பையன் தூரத்து வேப்பமரத்தைக் குறி வச்சுக்கிட்டு, தன் பார்வையை அங்கேயே வச்சு ஓட்டிப் பழகுறான். கீழே குனிஞ்சு குதிரையோட கழுத்தைப் பார்த்தா கோடு கோணுது, மரத்தைப் பார்த்தா நேரா போகுது.

ஆவணியில மழை வந்தா இந்த ஒண்ணரை ஏக்கரும் மக்காச்சோளத்துக்குப் போயிடும், தை வரைக்கும் கொல்லை கிடைக்காது. ஏரிக்குள்ள தரை இறுகிக் கிடக்கு, அங்க போகலாம்னு பையன் சொல்றான். சீமைக்கருவேல முள் இருக்கு, முதல்ல அதைப் பொறுக்கணும். ஏரிக்குத் தண்ணி வந்துட்டா வேற இடம் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை பெரியவரைக் கூட்டிட்டுப் போய் ஏரியை ஒரு சுத்து நடந்து காட்டிட்டு வரலாம்னு இருக்கோம்.